காற்று வாங்க வருபவன்

வெள்ளிக்கிழமைகளில் கஹல் காற்று வாங்க வருகிறான்.
நிஜமாகவே வாங்குகிறான்:
இரண்டு சிலிண்டர், ஒன்றுக்குப் பதினெட்டு யூரோ,
எண்ணி மேஜையில் வைப்பான்
என் விரல் படாமல்.

விவாகரத்துத் தாளில் படகு அவனுக்கு,
வீடு எனக்கு.
கம்ப்ரஸரை யாரும் எழுதவில்லை.
கராஜ் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்ததால்
வீட்டோடு வந்துவிட்டது.

டோனகாலில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.
உறிஞ்சுகுழாயைக் கூரை ஓடு வரை ஏற்றிக் கட்டியிருக்கிறேன்.
இறங்கும் காற்றில் கடல் இருக்கும், மழை இருக்கும்,
போகிற வழியில் பிஸ்டன் தன் பங்குக்கு
எண்ணெயைப் பூசி அனுப்பும்.
இத்தனை அழுத்திப் பிழிந்தால் காற்றும் அழும்.
கால்மணிக்கொரு தரம் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்,
பால் நிறம், அணைந்த மெழுகுவர்த்தி வாடை.
மிச்சம் வடிகட்டியின் பாடு:
முதலில் ஈரம் குடிக்கும் வெள்ளை மணிகள்,
அடுத்து கரி,
கார்பன் மோனாக்சைடுக்கென்று ஒரு சாண் கறுப்புத் துகள்.
அதற்கு ஈரம் ஆகாது.
நனைந்தால் வேலைநிறுத்தம்.

வெறும் காற்றுதான் நிரப்புகிறேன் என்றால்
ஒரு துளி எண்ணெய் வாய்க்கசப்போடு போய்விடும்.
நான் முதலில் சுத்த ஆக்சிஜன் ஏற்றுகிறவள்.
இருபத்தெட்டு பார்,
பாலாடையில் புகட்டுகிற வேகத்தில்.
அதன்மேல்தான் காற்று.
அந்தக் காற்றில் எண்ணெய் வந்தால்
வால்வுக்குள் நெருப்புக்குத் தீக்குச்சி வேண்டாம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே,
இந்தக் கராஜில் அனுமதியுள்ள எண்ணெய்
அது ஒன்றுதான்.

நிரப்பி முடித்ததும் அவனே அளப்பான்.
முப்பத்திரண்டு சதவீதம், முப்பத்துமூன்று மீட்டர் எல்லை,
நோட்டில் கையெழுத்து, பக்கத்தில் என்னுடையது.
எங்கள் பெயர் சேர்ந்து வருகிற ஏடு
இனி இது மட்டும்.

இன்று காலை வடிகட்டியின் கணக்கு முப்பத்தாறு மணி நேரம்.
நாற்பதில் மாற்றினால் போதும்.
ஆனால் இது ஜூலை.
கராஜ் கொதிக்கிறது, சூட்டில் மணிகள் பாதிதான் குடிக்கும்.
தெரியும்.
தெரிந்தும் நிரப்பினேன்.

வெள்ளைத் துணியில் காற்றை ஊதிப் பார்த்துத்தான் ஏற்றினேன்,
கறை இல்லை.
மோனாக்சைடு மீட்டரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.
ஒன்பது.
மறுபடி வைத்தேன். ஒன்பது.

வெளியே வந்து பார்த்தால்
மனுஸ் வீட்டுப் புகைபோக்கி.
கோடையிலும் அவருக்குக் கணப்பு வேண்டும்,
சதுப்பில் வெட்டிய கட்டிகள், ஈரம் காயாதவை.
காற்று திரும்பி நேரே என் குழாய்க்குள்.
நெருப்பில்லாமல் புகையாது, சரி,
புகை எங்கே போகிறது என்று
அந்தப் பழமொழி சொன்னதே இல்லை.

ஒன்பது. ஐந்து வரைதான் ஆகும்.
முப்பது மீட்டர் ஆழத்தில் அது நான்கு மடங்கு கனக்கும்.
தலை வலிக்கும்,
நேற்றுக் குடித்த பியர் என்று நினைத்துக்கொள்வான்.
இப்படி யோசித்தபடி நின்றேன்,
எவ்வளவு நேரம் என்று
நோட்டில் எழுதவில்லை.

கஹல் வந்தபோது
முற்றத்தில் இரண்டு சிலிண்டரும் சீறிக்கொண்டிருந்தன,
வால்வைச் சுற்றிப் பனி பூத்திருந்தது.
"என் சனிக்கிழமையைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறாய்" என்றான்.
ஆமாம் என்றேன்.
காரணம் கேட்பான் என்று காத்திருந்தேன்.
பாதி காலியானதைக் கையுறை மாட்டித் தூக்கி
வண்டியில் போட்டான், மற்றதை விட்டுவிட்டான்.
கதவைச் சாத்திய விதம்
ஒன்பது வருடம் கேட்டுப் பழகியதுதான்.

பிறகு வடிகட்டியைப் பிரித்து
செலவான மணிகளைச் சமையல் தராசில் கொட்டினேன்.
புதிதில் இருந்ததைவிட நூற்றுப்பத்து கிராம் கூடுதல்.
அவ்வளவும் தண்ணீர்.

நாற்பது என்பதை அடித்துவிட்டு
கோடைக்கு இருபது என்று எழுதினேன்.
ஒற்றைக் கையெழுத்து.
மனுஸிடம் போய்
வெள்ளிக்கிழமை காலைகளில் மட்டும், என்று
எப்படித் தொடங்குவது?